போலந்து நாட்டுக் குடும்பப் பெயர்கள்



ஞாயிற்றைச் சுற்றியே பூமி சுழல்கிறது என்று நிறுவிய கோப்பர்னிக்கஸ், ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரி, பியானோ இசையில் புகழ்பெற்ற ஷோப்பான், கப்பல் கட்டும் தொழிலாளரின் தலைவராய் எழுந்து குடியரசுத் தலைவராய் உயர்ந்த லெஹ் வவென்சா ஆகிய நால்வரும் போலந்து நாட்டின் புகழை உலகெங்கும் பரப்பியவர்கள். இந்நால்வரின் குடும்பப் பெயர்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தாலே ஒரு செய்தி புலனாகும். முதலாமவரின் பெயர் ஒரு சிற்றூரின் பெயர். இரண்டாமவர் பிறந்த குடும்பத்தின் பெயரும் ஊரால் வந்ததே. மூன்றாமவரின் பெயரோ போலந்து மொழிக்கு உரியதே அன்று. பிரான்சு நாட்டிலிருந்து வந்த தந்தையார் கொண்டுவந்த பெயர். நான்காமவரின் பெயர், வேலையின்றி ஊர் சுற்றித் திரிவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அவருடைய முன்னோருள் எவரோ ஒருவரை அயலார் அவ்வாறு அழைத்தனர் போலும், அழைத்தவர் மறைந்தனர், அழைப்பு மட்டும் நின்றுவிட்டது.

குடும்பப் பெயர் என்பது ஒருவன் தானே விரும்பிச் சூடிக்கொண்ட மாலை அன்று. அண்டை வீட்டார் வைத்தனர், எழுத்தர் ஏட்டில் எழுதினார், பேரன் சுமந்தான். ஆதலின், மன்னர்களின் மெய்க்கீர்த்திகளில் காணப்படாத எளிய மக்களின் வாழ்வைப் பற்றி அது சான்று கூறுகிறது. எனினும் சான்று கூறுவோர் அனைவரும் உண்மையையே உரைப்பர் என்பதற்கில்லை. நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல, வரலாறு பயில்வோரும் பெயர்களை விசாரித்தறிதல் வேண்டும். போலந்துப் பெயர்களை அவ்வாறே விசாரிக்க முற்படுவோம்.

தொடக்கத்தில் போலந்து மக்களுக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. கி.பி. 1136-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் இன்னசென்ட் க்னியெஸ்னோ நகரப் பேராயருக்கு ஓர் ஆணைப் பத்திரம் வழங்கினார். பேராயத்துக்குரிய ஊர்களையும் குடிகளையும் உறுதிசெய்யும் பத்திரம் அது. இலத்தீன் மொழியில் எழுதப்பட்டதாயினும் ஏறத்தாழ 410 போலந்துப் பெயர்கள் அதில் இடம்பெற்றுள்ளன. போலந்து மொழியில் ஒரு முழு வாக்கியம்கூட ஏட்டில் ஏறாத காலத்தில் அம்மொழியின் ஒலிகளைக் காத்துத் தந்தமையால், மொழியறிஞர் புரூக்னர் அதனைப் போலந்து மொழியின் பொற்பத்திரம் என்று போற்றினார். பேராயர் கருதியது தம் நில உரிமையை. மொழிக்குக் கிடைத்ததோ பெரும் புதையல். வரலாற்றில் இத்தகைய எதிர்பாராத நன்மைகள் பல உண்டு.

ஒற்றைப் பெயர் உடையோர் ஓரூரில் பலர் இருப்பின் என் செய்வது? அடையாளம் வேண்டும். அவ்வடையாளம் பிறக்கும் தருணத்தையே நம் கண்முன் நிறுத்தும் நூலொன்று உண்டு. சிலேசியப் பகுதியில் ஹென்றிகூவ் என்னும் ஊரில் ஒரு துறவியர் மடம் இருந்தது. அம்மடத்தின் தலைவராயிருந்த பீட்டர் என்பவர், மடத்து நிலங்கள் எவ்வெவ்வாறு கிடைத்தன என்பதனை ஏறத்தாழ 1270-ஆம் ஆண்டளவில் எழுதி வைத்தார். பிற்காலத்தில் எவரேனும் வழக்காடினால் விடை கூறுதற்கு அந்நூல் உதவும் என்பது அவர் கருத்து. நில வரலாற்றின் நடுவே ஓர் இல்லறக் காட்சியும் புகுந்துவிட்டது.

அப்பக்கத்தில் பொகுஹ்வாவ் என்னும் செக் நாட்டவர் ஒருவர் குடியேறி வாழ்ந்தார். அந்நாளில் நீரால் சுழலும் மாவாலைகள் அங்கு மிக அரிது. ஆதலின் அவர் மனைவி நாள்தோறும் திரிகையின் முன் நின்று மாவரைத்து வந்தாள். அவளது துன்பம் கண்டு இரங்கிய கணவர், தாம் அரைப்பதாகவும் அவள் சற்றே இளைப்பாறலாம் என்றும் கூறித் திரிகையைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இலத்தீன் நூலின் இடையே அவர் கூற்றைப் போலந்து மொழியிலேயே பீட்டர் எழுதி வைத்தார். போலந்து மொழியில் எழுதப்பட்ட முதல் வாக்கியம் என்று அறிஞர் போற்றுவது இதுவே. ஒரு மொழியின் முதல் வாக்கியம் போர் முழக்கமாகவோ அரச கட்டளையாகவோ அமையாமல், மனைவியின் களைப்பைக் கண்டு இரங்கிய கணவனின் சொல்லாக அமைந்தது எத்துணை அழகு! 2015-ஆம் ஆண்டில் இந்நூல் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

நமக்கு இங்கு வேண்டுவது அதன் பின் நிகழ்ந்தது. ஆண்மகன் மாவரைப்பதைக் கண்ட அயலார் நகைத்தனர். திரிகையின் கரகரப்பு ஒலியைக் கொண்டு அவருக்குப் 'புருக்காவ்' என்று பட்டப்பெயர் சூட்டினர். அவர் வழிவந்தோர் புருக்காலித்செ என்று வழங்கப்பெற்றனர். அப்பெயரே ஊருக்கும் ஆயிற்று. இன்றும் ஹென்றிகூவ் அருகில் புருக்காலித்செ என்ற சிற்றூர் இருக்கிறது. நகைத்தவர்களின் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது.

பட்டப்பெயரால் வந்த குடும்பப் பெயர்கள் போலந்தில் எண்ணிறந்தன. விலங்கும் பறவையும் மிகுதி. வில்க் என்றால் ஓநாய். லிஸ் என்றால் நரி. சயோன்ஸ் என்றால் முயல். பரான் என்றால் ஆட்டுக்கிடாய். வ்ரூபெல் என்றால் சிட்டுக்குருவி. டுடெக் என்றால் கொண்டலாத்தி. கிழமைகளும் பெயராயின: பியோன்டெக் என்பது வெள்ளிக்கிழமை, நியெஜியெலா என்பது ஞாயிற்றுக்கிழமை. முட்டைக்கோசு என்று பொருள்படும் கபூஸ்டா என்ற பெயரும் உண்டு. இவற்றினும் வியப்பானவை வினைச்சொற்களால் ஆன பெயர்கள். முஷியாவ் என்ற பெயருக்கு 'செய்தே தீரவேண்டியதாயிற்று அவனுக்கு' என்பது பொருள். நியெஹ்சியாவ் என்ற பெயருக்கு 'அவன் விரும்பவில்லை' என்பது பொருள். எதனைச் செய்ய நேர்ந்தது, எதற்கு மறுத்தான் என்பதெல்லாம் காற்றோடு போயின. பல்லாண்டுகள் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் படித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: ஒரே வகுப்பில் முஷியாவும் நியெஹ்சியாவும் அமர்ந்திருந்தால் ஆசிரியர் சிரிப்பை அடக்குவது கடினமே.

தொழிலால் வந்த பெயர்களுக்குப் பின்னே ஒரு பழைய ஆட்சிமுறை நிற்கிறது. போலந்தின் முதல் அரச மரபினரான பியாஸ்ட் மன்னர்கள் காலத்தில், அரண்மனைக்கு வேண்டிய பொருள்களைச் செய்து தருவதற்கென்றே தனித்தனி ஊர்கள் ஏற்படுத்தப்பட்டன. கேடயம் செய்வோர் ஊர் ஷ்சிட்னிக்கி. ரொட்டி சுடுவோர் ஊர் பியெக்காரி. வல்லூறு பழக்குவோர் ஊர் சொகோல்னிக்கி. கொல்லர் ஊர் கொவாலே. அம்முறை மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. நாட்டுப் படத்தில் அவ்வூர்கள் இன்றும் உள்ளன. ஆகவே கொவால்ஸ்கி என்ற பெயரைக் கேட்டவுடன் 'கொல்லன் மகன்' என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. கொவால் என்ற சொல் கொல்லனைக் குறிப்பது மெய்யே. ஆயினும் கொவாலே என்ற ஊரிலிருந்து வந்தவரும் கொவால்ஸ்கி ஆகலாம். மூன்றாம் காசிமிர் என்னும் பேரரசர் 1310-இல் பிறந்த கொவால் நகரத்திலிருந்து வந்தவரும் கொவால்ஸ்கி ஆகலாம். கொல்லனின் மகனுக்கோ அவனிடம் தொழில் பயில்பவனுக்கோ இயல்பாக அமைந்த பெயர் கொவால்சிக் என்பது. தையற்காரரைக் கொண்டு கிராவ்சிக், விடுதிக்காரரைக் கொண்டு கச்மாரெக், ஊர்த்தலைவரைக் கொண்டு வூய்சிக் என இவ்வகை நீளும்.

நாட்டிலேயே மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் எது என்று வினவினால், கொல்லனும் அல்லன், தச்சனும் அல்லன். நோவாக் என்பதே அது. ஏறத்தாழ 2 இலட்சம் பேர் அப்பெயரைத் தாங்குகின்றனர். அதன் பொருள் 'புதியவன்'. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவனை ஊரார் 'புதிதாய் வந்தவன்' என்றனர். அவன் கொள்ளுப்பேரனும் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்து புதியவனாகவே இருந்தான்! ஷ்வெட் (சுவீடன் நாட்டான்), நியெமியெஸ் (செருமானியன்), மசூர் (மசோவியப் பகுதியான்), லிட்வின் (லிதுவேனியன்) முதலிய பெயர்களும் இத்தகையனவே. மசோவியாவிலேயே இருப்பவனை மசூர் என்று பிரித்துச் சொல்லவேண்டிய தேவை எழுவதில்லை. வேற்றிடம் சென்றால்தான் அப்பெயர் ஒட்டிக்கொள்ளும். போலந்து மக்கள் தலைமுறை தலைமுறையாய் ஓரிடத்திலேயே வேரூன்றிக் கிடந்தனர் என்று எண்ணுவோர்க்கு, நோவாக் என்ற இரண்டசைப் பெயர் தக்க மறுப்பாகும்.

இனி, வெளிநாட்டார் போலந்துப் பெயர் என்றவுடன் நினைக்கும் 'ஸ்கி' என்ற விகுதிக்கு வருவோம். இதனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். ஏனெனில் இதனைக் குறித்த தவறான எண்ணங்கள் மிகுதி.

'ஸ்கி' என்பது பெயர்ச்சொல்லை அடைமொழியாக மாற்றும் விகுதி. 'அதனைச் சார்ந்த' என்பது பொருள். பதினான்காம் நூற்றாண்டில் ஒரு பெருநிலக்கிழார் தம்மை 'தார்னூவ் ஊரின் யான்' என்றே குறித்துக்கொண்டார். பின்னர் அதே பொருளில் 'யான் தார்னோவ்ஸ்கி' என்பது வழக்காயிற்று. தார்னூவ் நகருக்கு 1330-இல் நகர உரிமை பெற்றுத் தந்தவர் ஸ்பிசிமிர் என்பவர். அவர் வழியினருள் தார்னூவைப் பெற்ற கிளை தார்னோவ்ஸ்கி ஆயிற்று. மெல்ஷ்டின் கோட்டையைப் பெற்ற கிளை மெல்ஷ்டின்ஸ்கி ஆயிற்று. ஒரே குருதியினர், இரு வேறு குடும்பப் பெயர்கள்! நிலம் மாறினால் பெயரும் மாறிய காலம் அது. ஆகவே உறவைக் காட்டுவதற்குப் பெயர் பயன்படவில்லை. பிறையும் விண்மீனும் பொறித்த 'லெலிவா' என்னும் குலச்சின்னமே பயன்பட்டது. அச்சின்னத்தையும் முழுமையாக நம்புதற்கில்லை. 1413-ஆம் ஆண்டு ஹொரோட்லோ என்னும் இடத்தில் நிகழ்ந்த உடன்படிக்கையின்படி, லிதுவேனியப் பெருங்குடியினர் 47 குடும்பத்தாரைப் போலந்துக் குலங்கள் தம்முள் சேர்த்துக்கொண்டு தம் சின்னங்களையும் வழங்கின. குருதித் தொடர்பு அற்றவரும் ஒரே சின்னத்தின் கீழ் நின்றனர்.

வியன்னா நகரை 1683-இல் துருக்கியர் முற்றுகையினின்று காத்த மன்னர் மூன்றாம் யான் சொபியெஸ்கியின் குடும்பம் சொபியெஷின் என்ற ஊரால் பெயர் பெற்றது. சமோஷ்ச் என்ற சிற்றூரால் சமோய்ஸ்கி என்று பெயர் பெற்ற குடும்பத்தில் வந்த யான் சமோய்ஸ்கி என்னும் அமைச்சர், 1580-இல் புதிய நகரம் ஒன்றை எழுப்பி அதற்குச் சமோஷ்ச் என்றே பெயரிட்டார். ஊர் மனிதனுக்குப் பெயர் தந்தது. மனிதன் அப்பெயரை மற்றோர் ஊருக்குத் தந்தான். கோப்பர்னிக்கஸின் முன்னோர் சிலேசியாவில் உள்ள கோப்பர்னிக்கி என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். அவ்வூர்ப் பெயருக்குச் செம்பு என்னும் பொருள் கூறுவோரும் உளர். சதகுப்பை என்னும் செடியின் பெயரே அது என்போரும் உளர். செருமானியரும் போலந்தியரும் அவ்வானியலாரைத் தத்தம் இனத்தவர் என்று நெடுங்காலம் வாதிட்டமையால், செம்பா சதகுப்பையா என்ற வழக்கும் சூடேறியது. ஊர்ப்பெயரைக் கொண்டு ஒரு மனிதனின் நெஞ்சம் எம்மொழியில் சிந்தித்தது என்று முடிவு செய்ய இயலுமா? இயலாது என்பதே என் கருத்து.

நிலம் உடையவன் பெயரே 'ஸ்கி' என்று முடிந்தமையால் அவ்விகுதி பெருமைக்கு அடையாளமாயிற்று. போலந்தில் உயர்குடிப் பிறப்பு என்பது வெறும் பெருமையன்று. மன்னரையே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை உயர்குடியினர்க்கு 1573 முதல் நடைமுறையில் இருந்தது. அவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காட்டினர் எனக் கணிப்பர். எஞ்சியோருள் பெரும்பாலோர் பண்ணையடிமைகளாய் உழைத்த உழவர். இத்தகைய சமுதாயத்தில் ஒரு விகுதியால் மேலேற இயலும் எனின், ஏற முயல்வோர் இருக்கத்தானே செய்வர்?

அவ்வாறு ஏற முயன்றோரைப் பிடித்துப் பட்டியலிடுவதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வாலேரியன் நெகாண்டா டிரெப்கா, 1640-இல் இறந்தார். கிராக்கூவ் பகுதியில் வாழ்ந்த அவ்வுயர்குடியினர், நீதிமன்ற ஏடுகளைத் துருவியும் ஊர்வாய்ச் செய்திகளைத் திரட்டியும், பொய்யாக உயர்குடிப் பெயர் பூண்டவர் என்று 2,000-க்கும் மேற்பட்டோரைக் குறித்து வைத்தார். இவன் தந்தை செருப்புத் தைத்தவன், இவன் பாட்டன் ஆலையில் மாவரைத்தவன் என்ற முறையில் அந்நூல் செல்கிறது. விவிலியத்தில் நோவாவின் சாபம் பெற்ற காம் என்பவனின் வழியினரே உழவர் என்பது அக்கால உயர்குடியினரின் கொள்கை. அதனால் அந்நூலுக்குக் 'காம் வழியினர் நூல்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. பொறாமையும் வன்மமும் நிறைந்த நூல்தான். ஆயினும், அவர் இழிவென்று கருதி எழுதியவற்றை நாம் இன்று முயற்சியின் வரலாறாகப் படிக்கிறோம். வேற்றூர் செல்வான் ஒருவன், நல்லுடை வாங்குவான், பெயரோடு 'ஸ்கி' சேர்ப்பான், நலிந்த உயர்குடியில் பெண் கொள்வான், அவன் மகன் பிறப்பால் உயர்குடியினன் ஆவான். கதவைப் பூட்டியவர்கள் சாவியை ஒரு விகுதியில் வைத்தார்கள். அந்தச் சாவியைச் சிலர் தாமே செய்துகொண்டதில் வியப்பில்லை.

பிறப்பாலும் வகுப்பாலும் வரும் சிறப்புரிமைகளையும் குலச்சின்னங்களையும் அரசு ஏற்பதில்லை என்று 1921-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அறிவித்தது. அதற்கு நெடுநாள் முன்னரே 'ஸ்கி' தன் காவலை இழந்திருந்தது. உழவர்க்கு நிலையான குடும்பப் பெயர் வந்தது காலம் தாழ்ந்தே. டிரென்ட் நகரில் 1545 முதல் 1563 வரை கூடிய கத்தோலிக்கப் பேரவை, ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவேடு வைத்தல் வேண்டும் என்று விதித்தது. ஞானஸ்நானப் பதிவும் நிலைபெற்றது. பங்குக் குரு ஏட்டைத் திறந்து பெயர் கேட்டபோது ஏதேனும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரிலே வழங்கிய பெயர் ஏட்டில் ஏறியது. சில இடங்களில் குருவே நாகரிகம் கருதி 'ஸ்கி' சேர்த்தெழுதினார். கைம்பெண்ணை மணந்து அவள் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகச் சென்றவன், அப்பண்ணையின் பெயரையே தன் பெயராக ஏற்றதும் உண்டு. அவன் பிறந்த குடும்பத்தின் பெயர் ஏட்டில் ஓரிடத்தில் நின்றுபோகும். ஆதலின் இன்று ஸ்கி என்று முடியும் பெயரினர் பலரின் முன்னோர் ஏர் பிடித்தவர்களே. பெயரைக் கொண்டு குலம் கூறுவோர் போலந்திலே எளிதில் ஏமாந்து போவர்.

இவ்விகுதி பெண்பாலில் 'ஸ்கா' என்று மாறும். கணவர் கொவால்ஸ்கி எனின் மனைவியும் மகளும் கொவால்ஸ்கா. பலர் சேர்ந்தால் கொவால்ஸ்த்ஸி. மேரி கியூரி அம்மையார் 1867-இல் வார்சா நகரில் பிறந்தபோது மரியா ஸ்க்வொடோவ்ஸ்கா. அவர் தந்தையார் ஸ்க்வொடோவ்ஸ்கி. ஸ்க்வொடி என்ற சிற்றூரே குடும்பத்தின் பூர்விகம். பிரெஞ்சுக்காரரை மணந்த பின்னும் அவர் தம் பிறந்தவீட்டுப் பெயரைக் கைவிட்டாரல்லர். இரண்டையும் இணைத்தே வழங்கினார். நாட்டுப் படத்தில் போலந்தே இல்லாதிருந்த 1898-இல் தாம் கண்ட தனிமத்துக்குப் பொலோனியம் என்று பெயரிட்ட அவருக்குப் பெயரின் ஆற்றல் தெரியாதா? நம் சென்னையோடு தொடர்புடைய போலந்து அம்மையார் ஒருவரும் இவ்விகுதி பெற்றவரே. உமாதேவி என்று அழைக்கப்பெற்ற வாண்டா டைனோவ்ஸ்கா, மாரிஸ் பிரிட்மன் என்பாருடன் சேர்ந்து 1944-இல் இந்திய-போலந்து நூலகம் என்னும் வரிசையைத் தொடங்கிச் சென்னையிலிருந்து போலந்து மொழியில் நூல்கள் வெளியிட்டார். 1971-இல் மைசூரில் மறைந்தார்.

நோவாக் போன்ற பெயர்களுக்குப் பழங்காலத்தில் வேறு விகுதிகள் இருந்தன. மனைவி நோவாக்கோவா, திருமணமாகாத மகள் நோவாக்கூவ்னா. பெண் யாருக்குரியவள் என்பதனைப் பெயரே பறைசாற்றியது. இன்று இவ்வழக்கு மிக அருகிவிட்டது. நோவாக்கின் மனைவியும் நோவாக், மகளும் நோவாக். அழிந்தது நன்றே என்று நான் கருதுகிறேன். ஒலியின்பம் போயிற்றே என்று வருந்தும் போலந்துப் பெரியோரும் இருக்கின்றனர்.

விகுதிகள் ஊர்வாரியாகவும் வேறுபடும். மேற்கே 'ஆக்' மிகுதி: நோவாக், வோஸ்னியாக். கிழக்கே ருத்தேனிய மொழியின் சார்பால் 'உக்' என்பது வழங்கும். பழைய லிதுவேனியப் பெருநாட்டுப் பகுதியில் தந்தை பெயரோடு 'இச்' சேரும். பெருங்கவிஞர் மிஸ்கியெவிச்சின் பெயர், திமித்ரி என்பதன் செல்லப் பெயரிலிருந்து வந்தது. 1905-இல் நோபல் பரிசு பெற்ற சென்கியெவிச்சின் பெயர், சைமன் என்பதன் ருத்தேனியச் செல்ல வடிவிலிருந்து வந்தது. போலந்து மொழியின் பெருமையை நாட்டிய இருவரின் பெயர்களும் கிழக்கு வழக்கின என்பது கருதற்குரியது. மொழியறிஞர் காசிமிர் ரிமுட், அரசின் மக்கள் பதிவேட்டைக் கொண்டு, எப்பெயரினர் எம்மாவட்டத்தில் எத்துணைப் பேர் என்று கணக்கிட்டு 1992 முதல் 1994 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். ஓர் அகராதியே நாட்டுப் படமாக ஆகிவிட்டது.

போலந்து நாடு 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று பேரரசுகளால் துண்டாடப்பட்டது. புதிய ஆட்சியாளர்க்கு வரி வேண்டும், படைக்கு ஆள் வேண்டும். இரண்டுக்கும் பெயர் வேண்டும். யூதர்கள் அதுகாறும் 'யாக்கோபின் மகன் மோசே' என்ற முறையிலேயே பெரும்பாலும் வழங்கி வந்தனர். அவர்கள் நிலையான குடும்பப் பெயர் ஏற்றாக வேண்டும் என்று ஆஸ்திரியப் பேரரசு 1787-இலும், பிரஷ்ய அரசு 1797-இலும், ரஷ்யாவின் கீழிருந்த போலந்து அரசு 1821-இலும் ஆணையிட்டன. வார்ஷாவ்ஸ்கி, லுபெல்ஸ்கி என ஊரால் சிலர். ரோசந்தால் போன்ற செருமானியச் சொற்களால் பலர். வார்சாவில் 1804 முதல் 1806 வரை பிரஷ்ய அதிகாரியாயிருந்த ஹோப்மன் என்னும் எழுத்தாளர், தாம் முந்திய இரவு கேட்ட இசைக்கும் உண்ட உணவுக்கும் ஏற்ப யூதர்க்குப் பெயர் வழங்கினார் என்றொரு கதை உலவுகிறது. அதனைக் கதையாகவே கொள்க. எனினும், மேசையின் ஒருபுறம் எழுதுகோலுடன் அதிகாரியும் மறுபுறம் தொப்பியைக் கையில் பிடித்த குடிமகனும் நின்ற நிலை கதையன்று.

பிழைப்பு நாடி அமெரிக்கா சென்ற போலந்தியரின் பெயர்களை எல்லிஸ் தீவு அதிகாரிகள் சிதைத்துவிட்டனர் என்று பலரும் சொல்வர். அது பொருந்தாது. ஐரோப்பியத் துறைமுகங்களில் கப்பல் நிறுவனத்தார் எழுதிய பட்டியலையே அத்தீவின் அதிகாரிகள் சரிபார்த்தனர். பெயரைச் சுருக்கியவர்கள் பெரும்பாலும் வந்தவர்களே. அண்டை வீட்டாரும் முதலாளியும் எளிதில் அழைக்கவேண்டும் என்பதற்காக. அமெரிக்காவின் அயலுறவு அமைச்சராய் 1980-இல் பொறுப்பேற்ற எட்மண்ட் மஸ்கியின் தந்தையார் மார்சிஷெவ்ஸ்கி என்ற பெயருடன் சென்றவர். கொர்செனியோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயருடன் 1857-இல் பிறந்த ஒருவர், அதனை விடுத்துத் தம் இயற்பெயர்களுள் ஒன்றைக் கொண்டு ஜோசப் கான்ராட் ஆகி ஆங்கில நாவல் உலகில் புகழ் பெற்றார். கொர்சென் என்பதற்குப் போலந்து மொழியில் வேர் என்பது பொருள்.

பெயரை மாற்றுவது வசதிக்காக என்ற நிலை மாறி, உயிருக்காக என்ற நிலை 1939-இல் வந்தது. நாஜிப் படைகள் நாட்டைப் பிடித்தபின், தலைமறைவுப் போராளிகள் புனைபெயர் பூண்டனர். உள்நாட்டுப் படைத்தலைவர் ஸ்டெபான் ரொவெஸ்கி 'குரோட்' (வேல்முனை) ஆனார். அவர்க்குப் பின் வந்து 1944-இல் வார்சா எழுச்சியை நடத்திய ததெயுஷ் கொமொரோவ்ஸ்கி 'பூர்' (காடு) ஆனார். நாட்டு மக்கள் இன்றும் அவர்களைக் குரோட்-ரொவெஸ்கி, பூர்-கொமொரோவ்ஸ்கி என்றே இணைத்துக் குறிப்பர். வார்சாவிலிருந்து இலண்டனுக்குப் பகைவர் எல்லைகளைக் கடந்து செய்தி சுமந்த யெஜியொரான்ஸ்கி என்பவர் தமக்குத் தேர்ந்துகொண்ட பெயர் யான் நோவாக். ஆயிரக்கணக்கானோர் தாங்கும் பெயரைவிடச் சிறந்த மறைவிடம் ஏது? பிற்காலத்தில் வானொலி வாயிலாக உலகறிந்த அவர், 2005-இல் மறையும்வரை நோவாக்-யெஜியொரான்ஸ்கி என்றே வாழ்ந்தார்.

வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியிலிருந்து குழந்தைகளை இரகசியமாக வெளிக்கொணர்ந்தோருள் ஒருவர் இரேனா செண்ட்லெரோவா என்னும் சமூகப் பணியாளர். செண்ட்லெர் என்பவரின் மனைவி ஆதலின் பழைய வழக்கப்படி 'ஓவா' விகுதி பெற்றவர். வெளியுலகம் அவரைச் செண்ட்லர் என்றே அறியும். மீட்கப்பட்ட குழந்தைகள் கிறித்தவக் குடும்பங்களிலும் கன்னியர் மடங்களிலும் புதுப்பெயருடன் ஒளித்து வைக்கப்பட்டனர். சோதனைக்கு வரும் படைவீரன் கேட்டால் குழந்தை அப்புதுப்பெயரைத் தயங்காது கூறவேண்டும். தயங்கினால் சாவு. பெற்ற தாய் அழைத்த பெயரை ஐந்து வயதுக் குழந்தை மறந்தாக வேண்டியிருந்தது. ஆதலின் குழந்தைகளின் பொருட்டு அப்பெயரை மற்றொருவர் நினைவில் வைத்தல் வேண்டும் என்று கருதிய அவ்வம்மையார், ஒவ்வொரு குழந்தையின் உண்மைப் பெயரையும் புதுப்பெயரையும் மெல்லிய தாள்களில் எழுதி வைத்தார். 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் காவலர் அவரைச் சிறைப்பிடித்தபோதும் அத்தாள்கள் அவர்கள் கையில் சிக்கவில்லை. பின்னர் அவை கண்ணாடிக் குடுவையில் இடப்பட்டுத் தோழி ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் புதைக்கப்பட்டன.

போர் முடிந்தபின் அப்பெயர்ப் பட்டியல் யூதர் குழுவினரிடம் சேர்ப்பிக்கப்பட்டது. பெற்றோருள் மிகப் பலர் டிரெப்ளிங்கா கொலைக்களத்தில் மாண்டிருந்தனர். குழந்தைகளுள் சிலர் தம் பழைய பெயருக்குத் திரும்பினர். சிலர் தம்மைக் காத்த பெயரிலேயே வளர்ந்து மணம் செய்து அப்பெயரைத் தம் மக்களுக்கும் வழங்கினர்.